அழகம்மா பெயரில் ஒரு கார்டு

"அண்ணி, அதத் தொடாதீங்க."

சிசிலி நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். கட்டிலின் மேல் ஒரு தேயிலைப் பலகைப் பெட்டி இருந்தது. அவள் கணவர் டொக்டர் லியனார்ட் கொழும்புக்குக் கொண்டுபோகிற கடதாசிகள் அதற்குள் இருந்தன. பெட்டியின் ஓரத்தில் ஓர் ஆணி துருத்திக்கொண்டு நின்றது. அவருடைய சட்டைக் கையைக் கிழித்துவிடுமே என்று அதில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றப் பார்த்தாள். அதற்கே நாத்தனார் ஐவிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணன் சொல்லியிருக்காரு. ஒரு தாள் முன்ன பின்ன ஆனாலும் அப்புறம்..."

ஐவி மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. பதினொரு வருஷமாக அந்த வீட்டில் அந்த வாக்கியம் அந்த இடத்தில்தான் நிற்கிறது. மீதியைச் சிசிலியே மனதுக்குள் முடித்துக்கொள்வாள்: அப்புறம் இன்னொரு உசுரு போகும்.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதம். அன்றைக்குப் பகல் ரயிலில் டொக்டர் கொழும்புக்குப் புறப்படுகிறார். சுகாதார அமைச்சில் அவருக்கு ஒரு பெரிய நாற்காலி காத்திருந்தது. ஆஸ்பத்திரிகளின் அவசர அறைகளுக்கெல்லாம் ஒரே ஒழுங்கு கொண்டுவர வேண்டும், நோயாளிகளின் விபரங்களைக் கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டும், அதை நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். சிசிலி நோட்டன் பிரிட்ஜில் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியது. கொழும்பில் வீடு அமைகிறவரைக்கும் என்பது பேச்சு. வீடு எப்போது அமையும் என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்த வயதில் புருஷன் தன்னை நாசூக்காகக் கழற்றிவிடுகிறார் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை.

கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில் பிறந்து டொக்டரானவர் அவர். பத்து வயதில் அவருடைய அம்மாவுக்குப் பிரசவத்தில் இரத்தம் நிற்காமல் போனது. கம்பளியில் தூக்கி, கொழுந்து லொறியில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் போய்விட்டது. தோட்டத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று அங்கிருந்த டொக்டர் கேட்டாராம். கூடப் போன ஒருவருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்துகொண்டுதான் பையன் படித்தான். அந்தப் பிரசவத்தில் பிழைத்த பிள்ளைதான் ஐவி.

எழுபத்திரண்டில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தவர், வாசலுக்குப் பக்கத்துச் சாமான் அறையைக் காலிபண்ணி அவசர அறையாக்கினார். அடிபட்டவனை லொறியிலிருந்து இறக்கியதும் வரிசையில் உட்கார வைக்கிற வழக்கத்தை ஒழித்தார். அடுத்ததாகக் கார்டில் கை வைத்தார். சுற்றியுள்ள பன்னிரண்டு தோட்டத்துச் சனங்களுக்கும் ஆளுக்கொரு கார்டு. என்ன நோய் வருத்தம், எந்த வகை இரத்தம், பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளுமா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒத்துக்கொண்டவர்களுக்கு நீல அடையாளம், ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சிவப்புக் கோடு. நீலம் இருந்தால் சோதித்துப் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே ஊசி போடலாம்.

எழுதுவதற்கு ஆள் கேட்டார். மேலிடம் சிரித்தது. சிசிலி அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய கையெழுத்துக்கு அந்த மலையில் தனி மதிப்பு. கல்யாணமாகி மூன்றாம் மாதம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தாள். நாலு வருஷத்தில் பதினோராயிரம் கார்டு. விரல் நடுவில் காய்த்துப் போனது. பிள்ளை தங்காத துக்கத்தைக்கூட அவள் அந்த மேசையில்தான் கரைத்தாள். வேலையை விட்ட பிறகும் சனங்கள் அவளை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவள் மறுத்துப் பேசினாள். தோட்டத்து ஒபீசில் செக்ரோல் என்று ஒரு பேரேடு உண்டு. வேலைக்காரர்களின் பெயரெல்லாம் அதில் இருக்கும். டொக்டர் அதைப் பார்த்துத்தான் கார்டுக்குப் பெயர் எடுக்கச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தாய்மாரோடு பழகியவள் சிசிலி. பேரேட்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆளைக் கூப்பிட்டு வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதுவோம் என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேர் எழுதினா ரெண்டு ஆளாயிடும் சிசிலி. ஒபீஸ்ல என்ன இருக்கோ அதுதான் பேரு" என்றார்.

வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவார், நம் கார்டு பேசும், நோயாளி பேச வேண்டியதில்லை என்று. நல்ல வார்த்தை என்றுதான் அன்றைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

எழுபத்தேழு ஐப்பசி மழையில் கல்லுமேட்டுத் தோட்டத்து லொறியில் ஒரு பெண் வந்தாள். தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் வழுக்கி விழுந்து கால் கிழிந்து, அது பழுத்து, காய்ச்சல் அனலாக அடித்தது. பெயர் அழகம்மா என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஒரு நிமிஷத்தில் கார்டு வந்தது. நீல அடையாளம். டொக்டரே ஊசியை எடுத்தார். "ஊசி வேணாங்கய்யா..." என்று அவள் முனகினாள். ஊசிக்குப் பயப்படாத ஆள் யார்? அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போட்டார். பத்து நிமிஷத்தில் முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அவர் கையிலேயே அவள் அடங்கிப்போனாள். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். தெரிந்த வித்தை எல்லாம் அன்றைக்குக் கைவிட்டது.

மறுநாள் மாலையில், விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குசினிக் கதவைத் தட்டினாள் செத்தவளின் தாய் பேச்சியம்மா. உள்ளே வந்தவள் நிற்கக்கூட இல்லை, சிசிலியின் காலில் விழுந்துவிட்டாள். செத்தது அழகம்மா இல்லையாம், அவள் தங்கச்சி வீரம்மாவாம். அழகம்மா போன வருஷமே, தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பின கணக்கில், இந்தியாப் பாஸ்போட்டில் கப்பலேறிவிட்டாள். வீரம்மா புருஷனைப் பறிகொடுத்து, வேறு தோட்டத்திலிருந்து ரெண்டு பிள்ளைகளோடு தாய்வீட்டுக்கு வந்தவள். புதுப் பேர் பதிய மாட்டோம் என்று ஒபீசில் கையை விரித்துவிட்டார்கள். பேச்சியம்மாவுக்கோ வேலை செய்கிற வயது போய்விட்டது. செக்ரோலில் ஒரு பேராவது இல்லையென்றால் லயத்து அறையான காம்பராவைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அழகம்மா என்று கூப்பிட்டால் வீரம்மா கை தூக்கினாள். கங்காணிக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மலையில் அப்படி எத்தனையோ பேர் இன்னொருத்தர் பேரில் கஞ்சி குடித்தார்கள்.

கார்டு பொய் சொல்லவில்லை. அழகம்மாவுக்கு ஊசி ஒத்துக்கொண்டது உண்மைதான். வீரம்மாவுக்கு முந்தைய தோட்டத்திலேயே ஒரு தடவை உடம்பெல்லாம் தடித்து, சாகப் பிழைக்கக் கிடந்தாளாம். அதைச் சொன்னால் தான் வேறு ஆள் என்று தெரிந்துவிடும் என்றுதான் முனகலோடு நிறுத்திக்கொண்டாள்.

"எம்புள்ள போயிட்டா டீச்சரம்மா. இது வெளிய தெரிஞ்சா அவ பெத்த ரெண்டையும் ரோட்டுல தள்ளிருவாங்க. கப்பல்ல ஏத்துனாலும் ஏத்திருவாங்க. அங்க எங்களுக்கு யாரு இருக்கா? செத்தது அழகம்மான்னே இருந்தா, செக்ரோல்ல இருந்தவ புள்ளைங்கன்னு காம்பராவ விட்டு வைப்பாங்க. டொக்டரய்யாகிட்டயும் சொல்லாதீங்க... அவரு இருக்கிறத இருக்கிற மாதிரி எழுதிப்புடுவாரு."

அது நூற்றுக்கு நூறு உண்மை. லியனார்டுக்குப் பொய் எழுத வராது. சிசிலி அந்த இரவு செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணியும் உருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

கண்டியிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி, ஒத்துக்கொள்ளாத பெண்ணுக்கு நீல அடையாளம் எப்படி வந்தது என்று கேட்டார். "அடுத்த கார்டப் பாத்து மாத்திப் போட்டுட்டேங்க. பிழை என்னுதுதான்" என்றாள் சிசிலி. டொக்டர்மேல் குற்றமில்லை என்று எழுதி முடித்தார்கள். வீட்டு ஆட்கள் கார்டைத் தொடக்கூடாது, இனிமேல் கிளாக்கர் எழுதட்டும் என்று உத்தரவும் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் லியனார்ட் ஒரே ஒரு தடவை கேட்டார். "உண்மையாவா?" அவள் தலையசைத்தாள். "பதினோராயிரம் கார்டையும் இனி எப்படி நம்புறது?" என்றார். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், காய்ச்சல் வந்தால் மருந்து கொடுத்தார். ஆனால் அன்றையிலிருந்து ஒரு காகிதத்தையும் அவள் இருக்கிற பக்கத்தில் வைக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவள் எத்தனையோ தடவை நினைத்தாள்.

ஒரு காரியம் மட்டும் செய்தாள். அவசர அறையில் நர்ஸ் வேலை செய்த மிஸ்ஸி நாகலெட்சுமி அவளிடம் படித்தவள். ஒருநாள் அவளைத் தனியே கூப்பிட்டு, ஊசி எடுக்க முதல் வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கேள், அந்த ஆளுக்கு எப்பவாவது மருந்து ஒத்துக்காமல் போனதா என்று கேள், எதையும் எழுதாதே, கேட்டால் போதும் என்றாள். ஏன் என்று மிஸ்ஸி கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அறையில் ஊசியால் ஓர் உயிரும் போகவில்லை. டொக்டருக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போனது. தான் கொழும்புக்கு எழுதிய திட்டத்தின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டிருந்தார். அந்தத் தாள் இப்போது பலகைப் பெட்டிக்குள்தான் இருந்தது.

வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. வழியனுப்ப மாலையோடு நாகலெட்சுமி வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மழைக்குத் தலையில் கொங்காணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு கூனிக்குறுகி ஒரு கிழவி. பேச்சியம்மா என்று தெரிந்ததும் சிசிலி வாசலுக்கு விரைந்தாள். இன்றைக்கு டொக்டரய்யாவைப் பார்க்க முடியாது என்று ஐவி மறித்தாள். கிழவி நகரவில்லை.

"பேச்சியம்மா, வேணாம். வீட்டுக்குப் போங்க" என்றாள் சிசிலி.

"வேணுங்க டீச்சரம்மா. அவரு கொழும்புக்குப் போயிட்டா நான் யாருகிட்டச் சொல்றது? நெஞ்சு வேகாம செத்துப் போவேன்."

சத்தம் கேட்டு லியனார்ட் டையை முடிந்துகொண்டே வெளியே வந்தார். பேச்சியம்மா மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள்ளிருந்த தாளை விரித்துக் காட்டினாள். போன வருஷத்துப் புதுச் சட்டத்தில் அவர்களும் இந்த நாட்டுக்காரர்கள் என்று வந்த தாள்.

"இனி எங்கள யாரும் தள்ள முடியாதாமுங்க. பேத்தி ராக்காயி பேரும் இந்த மாசம் செக்ரோல்ல விழுந்துருச்சு. அவ பேருலயே... அவ ஆத்தா மாதிரி அடுத்தவ பேருல இல்ல." கிழவி தாளை மடித்தாள். "ஐயா, உங்க கையில செத்தது அழகம்மா இல்லீங்க. வீரம்மா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தான் காலில் விழுந்ததையும், டீச்சரம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டதையும், அதற்குப் பிறகு இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதையும் சொன்னாள். நாகலெட்சுமி கையிலிருந்த மாலை தரையில் உரசுவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

லியனார்ட் முதலில் கேட்டது டொக்டர் கேட்கிற கேள்விதான். "அப்ப அந்த நீல அடையாளம்?"

"அது அழகம்மாவுக்குச் சரிதாங்க. அவ இப்பவும் திருச்சிப் பக்கம் நல்லாத்தான் இருக்கா."

அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கோட்டுப் போட்ட மனுஷன் ஈரப் படியில் உட்கார்ந்ததை ஐவி அன்றைக்குத்தான் பார்த்தாள். பிறகு நாகலெட்சுமியைப் பார்த்து, வீட்டுப் பேர் கேட்கிற வழக்கத்தை நீயாகத்தானே ஆரம்பித்தாய் என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்த குரல் அது.

"இல்லங்க டொக்டர். டீச்சர்தான் சொல்லிக் குடுத்தாங்க. அந்தச் சாவுக்கு அடுத்த வாரம்."

அவர் சிசிலியைப் பார்த்தார். பதினொரு வருஷத்துக்குப் பிறகு நேராக, முகத்தைப் பார்த்தார். அவளுடைய முன்மயிர் நரைத்திருந்தது. எப்போது நரைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீ அப்பவே சொன்ன, வீட்டுப் பேரையும் எழுதுவோம்னு. நான்தான்... கார்டு சரி, என் ஒழுங்குதான் பிழை. அந்தப் பொண்ணு வேணாம்னு சொன்னா. கேக்காம நான்தான் போட்டேன். என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா சிசிலி?"

"சொல்லியிருந்தா நீங்க மறைச்சிருக்க மாட்டீங்க. அந்தப் பிள்ளைங்க தெருவுல நின்னிருக்கும்." அவள் நிதானமாகத்தான் பேசினாள். "நான் பொய் சொன்னது என் பாடு. ஆனா ஒரு தலையசைப்புல நீங்க நம்பிட்டீங்களே... நாலு வருசம் உங்க கண்ணு முன்னாலதானே எழுதினேன். சிசிலி அப்படிப் பிழை விடுறவளான்னு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீங்க நெனைச்சுப் பாக்கலையே. அதத்தாங்க என்னால தாங்க முடியல."

லியனார்ட் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் கேட்கப் போவதில்லை, அவராகச் சொல்லாவிட்டால் இதை எவரும் அறியப் போவதில்லை. ஆனாலும் சொன்னார்.

"அதவிட மோசமானது ஒண்ணு இருக்கு. கிளாக்கர் பதினோராயிரத்தையும் ஆஸ்பத்திரிப் பதிவோட ஒத்துப் பாத்துத் திருப்பி எழுதினார்ல... ரெண்டு வருசம் ஆச்சு. முடிச்சிட்டு வந்து என்கிட்டச் சொன்னார், அம்மா எழுதினதுல ஒரு பிழைகூட இல்லீங்க டொக்டர்னு. ஒண்ணுகூட இல்லையாம். அத நான் உன்கிட்டச் சொல்லல."

சிசிலி விசாரணையில் அழாதவள், ஐவியின் பாதி வார்த்தைகளுக்கு அழாதவள், நோட்டன் பிரிட்ஜுக்குப் போக உடுப்பு மடித்தபோதும் அழாதவள், அந்த ஒரு சொல்லுக்கு உடைந்து அழுதாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கிடைத்திருக்க வேண்டிய சொல். ஒன்பது வருஷம் அது இந்த வீட்டுக்குள்ளேயே, அவருடைய வாய்க்குள் இருந்திருக்கிறது. லியனார்ட் எழுந்து வந்து, எல்லோரும் பார்க்க, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். பேச்சியம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

கீழே வட்டகொடைப் பக்கம் அவர் ஏற வேண்டிய பகல் ரயில் கூவிக்கொண்டு போனது.

தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்த ஐவி, அண்ணியின் கையில் கோப்பையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். தாய் முகம் பார்க்காத பிள்ளை அவள். வளர்த்த அண்ணனுக்குக் கெடுதல் செய்தவள் என்று நினைத்துத்தான் இத்தனை காலம் முள்ளாகக் குத்தினாள். "அண்ணி, நான் பேசினதெல்லாம்..." என்றாள். இந்த முறை மீதியை முடிக்க அவளாலேயே முடியவில்லை. சிசிலி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பகலுக்கு மேல் லியனார்ட் பலகைப் பெட்டியைக் குசினி மேசையில் கொண்டுவந்து வைத்து, ஒரு வெற்றுக் கார்டையும் பேனாவையும் அவளுக்கு முன்னால் நகர்த்தினார். யார் பேருக்கு என்று அவள் கேட்கவில்லை. பேச்சியம்மா பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். பெயர், வீரம்மா. தாய், பேச்சியம்மா. தோட்டம், கல்லுமேடு. வேலை செய்தது, அழகம்மா என்ற பேரில். எழுத்து பழைய எழுத்துத்தான். கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்துக் குறுக்காக ஒரு கோடு போட்டாள். எழுத்துத் தெரியாத பேச்சியம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இது அப்ப இருந்திருந்தா..." என்று மட்டும் சொன்னாள்.

லியனார்ட் திட்டத்தின் முதல் பக்கத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் சிசிலியின் பெயரையும் எழுதினார். ஊசியைத் தான் போட்டதையும், அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னதையும் ஒளிக்காமல் ஒரு தாளில் எழுதி, அந்தக் கார்டோடு சேர்த்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். இது அவருடைய நாற்காலிக்கே உலை வைக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். வைத்தால் வைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"நாளைக்கு நீயும் வா. வீடு அமையலன்னா அறையில இருப்போம்" என்றார்.

போன காலம் போனதுதான். அதை அவராலும் தர முடியாது, எந்தக் கொம்பியூட்டரும் தராது. "வர்றேங்க. ஆனா பழையபடி இருப்பேன்னு நெனைக்காதீங்க. எனக்கு இனி மனசுல பட்டத பட்டுன்னு சொல்ல வரும்" என்றாள். அவர் தலையசைத்தார்.

மறுநாள் வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றபோது, சாமான் தூக்குகிற ஆள் ஓடிவந்து சிசிலி கையிலிருந்த பலகைப் பெட்டியை வாங்கப் பார்த்தான். அவள் ஆணியில் சுற்றியிருந்த துணியைச் சரிபண்ணிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"அத விடப்பா. அது டீச்சரம்மா கையிலயே இருக்கட்டும்" என்றார் டொக்டர்.